வித்தாச்சு என்று ஒட்டின ஸ்கீபோர்ட்

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் ஏழாம் மாடியில், மூன்று அறை வீட்டில் ஆறு பேராக வளர்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டனான். இன்றைக்கு என்னிடம் பனி தள்ளுகிற ட்ராக்டர் மூன்று நிற்கிறது. பதினொரு பேருக்குச் சம்பளம் குடுக்கிறேன். இருக்கிற வீடு நானே பலகை அடித்துக் கட்டினது. எங்கள் தமிழ் மன்றத்து மேடைக்குப் படி போட்டதும் நான்தான். அதில் ஏறிப் பேசுகிறவர்கள் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. வங்கிக்காரன் முதல்தரம் கடன் இல்லை என்றான், இரண்டாம்தரம் கதிரையில் இருக்கக்கூடச் சொல்லவில்லை, மூன்றாம்தரம் கோப்பி தந்தான். இதெல்லாம் எங்கே தொடங்கினது என்று கேட்டால், ஒரு கறுப்புக் குப்பைப் பையில்.

மாமாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய மகள், என் மச்சாள், படப்புத்தகம் ஒன்று செய்கிறாள். அதில் பன்னிரண்டு வயதில் நான் பனியில் ஸ்கீபோர்ட், அதாவது கட்டையான பனிச்சறுக்குப் பலகைச் சோடி, போட்டு நிற்கிற படம் ஒன்று வருகிறது. அதற்குக் கீழே, ‘அப்பா தன் மருமகனுக்கு வாங்கிக் குடுத்த முதல் ஸ்கீ’ என்று எழுதியிருக்கிறாள். இதை வாசித்த பிறகுதான் பேனையை எடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பனி மாரியிலும் ஒரு நாள் எல்லாரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஸ்கீ உள்ளவர்கள் மேலே போவார்கள். இல்லாதவர்கள் அடிவாரத்தில், சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு பிளாஸ்டிக் தட்டில் குந்தியிருந்து சறுக்குவார்கள். அதற்கு முந்தின வருசம் நான் என் தங்கச்சியின் வகுப்போடு சறுக்கினேன். அவள் தன் சிநேகிதிகளுக்கு, "அது எங்கடை அண்ணா, அவருக்கு ஸ்கீ இல்லை" என்று மிகவும் அன்பாக விளங்கப்படுத்தினாள். இன்னொரு மாரி அப்படிப் போகக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இலையுதிர்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியக்குழுவுக்காகப் பெற்றோர் பழைய சாமான் சந்தை போடுவார்கள். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் கந்தோர் அறைகளைக் கூட்டுகிற வேலை. நூறு குரோனர் தாள் ஒன்றை மடித்து என் கையில் வைத்து, "சப்பாத்தும் இதுக்குள்ளை முடியவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். துணைக்கு மாமா வந்தார். வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் ஆலையில் வேலை செய்தவர், விடுமுறைக்கு எங்கள் வீட்டில் நின்றார். அவர் பேசுகிற வடக்கு நோர்வீஜியத்தைக் கேட்டு ஒஸ்லோக்காரர் வாய்க்குள் சிரிப்பார்கள். தன்னுடைய பகிடிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று மாமா நினைப்பார்.

விளையாட்டுச் சாமான் மேசையில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு நோர்வீஜிய அம்மா நின்றார். மாமா ஸ்கீ ஒவ்வொன்றையும் எடுத்து, வளைத்து, பெருவிரலால் தடவி, மீன் பார்க்கிற மாதிரியே பார்த்தார். இரண்டு மீற்றர் நீளத்தில் ஒரு சோடியைத் தூக்கினார்.

"இதை எடு. வளர்ற பொடியன். ஐஞ்சு வருசத்துக்குக் காணும்."

"மாமா, அது கூரையிலை முட்டும்."

"முட்டட்டும். அதே காசுக்கு எவ்வளவு பலகை வருது பார்."

நான் பார்த்தது மேசைக்குக் கீழே கிடந்த ஸ்கீபோர்டை. ஒரு மீற்றரும் இல்லை, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்தது. என் மூளை அன்றைக்கு எப்படி ஓடினது என்று பாருங்கள். இதற்குத் தடி தேவையில்லை, ஆகவே தடிக்குக் காசில்லை. ஆளின் உயரத்துக்கு அளவு பார்க்கத் தேவையில்லை, ஆகவே வளர்ந்தாலும் காணும். சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், ஆகவே எந்தக் கடினச் சப்பாத்தும் பொருந்தும். விளிம்பு இரும்பில் கறள் இல்லை, அடியில் ஆழமான கீறல் இல்லை, ஆணிகள் ஆடவில்லை. கடையில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. வகுப்புப் பொடியன்களின் காலைப் பார்த்துப் பார்த்து நானே படித்தது.

விலை நூற்றைம்பது. சப்பாத்து வேறாக.

மாமா குறைத்துக் கேட்டார், குறையவில்லை. ஆனால் அந்த அம்மா ஒரு விசயம் சொன்னார். கடைசி அரை மணித்தியாலம், இரண்டரைக்குப் பிறகு, பைக் கணக்கு. ஒரு கறுப்புப் பை ஐம்பது குரோனர், அதற்குள் எதையும் போடலாம். ஒரேயொரு நிபந்தனை, பையின் வாயைக் கட்ட முடியவேண்டும்.

நீள ஸ்கீ எந்தப் பைக்குள்ளும் அடங்காது. ஸ்கீபோர்ட் மூலைக்கு மூலை சாய்த்தால் அடங்கும். அந்த மண்டபத்தில் இதை யோசித்த ஒரே ஆள் நான் என்று அப்போது நம்பினேன், இப்போதும் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் அப்போது காலை பத்தரை மணி. இரண்டரை வரைக்கும் அது கிடக்குமா? ஸ்கீபோர்டையும் எனக்குக் கொஞ்சம் பெரிய சப்பாத்து ஒரு சோடியையும் எடுத்துப் பக்கத்துப் புத்தக மேசைக்குக் கீழே, ஒருவரும் தொடாத தடித்த கலைக்களஞ்சியப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன். பிறகு பத்துத்தரமாவது வந்து பார்த்தேன். ஒருதரம் அந்த அம்மா கணக்குத்தாளைவிட்டுத் தலை தூக்காமலே, "இன்னும் இருக்கிறது" என்றார். புத்தகங்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டரைக்கு ஓடிவந்து குனிந்தால், ஸ்கீபோர்டில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வித்தாச்சு.

தங்கச்சியின் வகுப்பும் பிளாஸ்டிக் தட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுற்றிவரப் பார்த்தேன். அந்த அம்மா மறுபக்கம் திரும்பி நின்றார். தாளைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன், ஸ்கீபோர்டை இழுத்துக் கறுப்புப் பைக்குள் போட்டேன். மாமா அதற்கு மேலே சப்பாத்து, இரண்டு திரைச்சீலை, ஒரு வாஃபிள் சுடுகிற இரும்பு எல்லாம் அடைத்தார். பை கட்டுப்படவில்லை. முழங்காலால் அமத்தி, மீன் பெட்டி கட்டின கையால் ஒரு முடிச்சுப் போட்டார், கட்டுப்பட்டது. மாமாவின் பங்கு அந்த முடிச்சுதான். நல்ல முடிச்சு, மறுக்கவில்லை.

"ஏனடா அவசரப்படுறாய்?" என்றார்.

"குளிர், மாமா."

அந்த அம்மா ஐம்பது குரோனரை வாங்கி, பையை ஒருதரம் தட்டிப் பார்த்து, "நல்ல மாரி வரட்டும்" என்றார். மிச்ச ஐம்பதை அப்பாவிடம் குடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த மாரி நான் மேலே போனேன். ஸ்கீபோர்ட் பின்னுக்கும் போகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பாதி மலை முன்னுக்கும் பாதி மலை பின்னுக்குமாக வந்து, தங்கச்சியின் வகுப்புக்கு நடுவில் விழுந்தேன். அவள் கை தட்டினாள்.

போன வருசம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் அதே மாதிரிச் சந்தையில் விளையாட்டுச் சாமான் மேசைக்கு என்னை விட்டார்கள். மஞ்சள் தாள் கட்டொன்று தந்து முறையைச் சொன்னார்கள். வித்த சாமானில் வாங்கினவரின் பெயரை எழுதி உடனே பின் அறைக்குக் கொண்டுபோகவேண்டும், மேசையில் விடவே கூடாது. அன்றைக்கு நான் கிழித்த தாளில் பெயர் இருக்கவில்லை. என் ஸ்கீபோர்ட் பின் அறைக்கும் போகவில்லை. வேறு ஒருவரும் எடுக்காமல் அந்த அம்மா எனக்காகத் தாள் ஒட்டி எடுத்துவைத்த சாமானை நானே களவெடுத்திருக்கிறேன்.

ஆகவே மச்சாள், படத்துக்குக் கீழே இப்படி மாற்றி எழுதவும்: முடிச்சு, மாமா. காவல், சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு நோர்வீஜிய அம்மா. தெரிவு, ஒளிப்பு, களவு மூன்றும் நான். என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவும்.