பின்வரிசைக்குக் கேட்கவில்லை

என் அக்காள் புருஷன் போர் விமானம் ஓட்டியவர். 'ஓட்டுகிறவர்' என்று சொல்லவிடாமல் செய்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பெயர் ஒரு கேடா? மீசை என்றே சொல்கிறேன்.

விபத்து நடந்த அன்று முதலில் கிளம்பியவன் மீசை. ஓடுபாதை முனையில் பறவைக் கூட்டத்தைப் பார்த்தும், பின்னால் வந்த அத்தானுக்கு ரேடியோவில் சொல்லவில்லை. அத்தான் மேலெழும்பியதும் பறவைகள் இன்ஜினுக்குள் புகுந்தன. இருந்த ஒரே இன்ஜினும் நின்றது. கீழே வீடுகள் இல்லை என்று பார்த்துவிட்டு, கைப்பிடியை இழுத்து இருக்கையோடு வெளியே பாய்ந்தார். விமானம் சுக்குநூறானது.

"பயந்து குதிச்சிட்டாரு சார். திருப்பி இறக்கியிருக்கலாம்" என்று விசாரணையில் வாய் கூசாமல் சொன்னான் மீசை. அத்தானை இனிப் பறக்கக் கூடாதென்று தரையில் உட்கார வைத்தார்கள்.

"அவன் வாயாலயே அது பொய்னு வரணும்" என்றார் அத்தான்.

"அதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிடும்" என்றாள் அக்காள்.

சிமுலேட்டர் அறையில் பயிற்சியாளர் வேலை கொடுத்தார்கள். அங்கே நான் எலக்ட்ரீஷியன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அத்தானுக்குப் பூமி வேண்டாம், மீசை போதும்.

விமானிகள் எல்லாரும் வருஷத்துக்கொரு முறை அந்தப் பொய் விமானத்தில் ஏறிச் சோதனை கொடுக்க வேண்டும். என்ன கோளாறு வரும் என்பது பயிற்சியாளருக்கு மட்டும்தான் தெரியும். முடிந்ததும் எல்லார் முன்னாலும் பலகையருகே நின்று, செய்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அங்கே பதவி செல்லாது.

மீசை விறைப்பாக வந்து ஏறினான். அத்தான் தன் விபத்தன்று இருந்த அதே வேகம், அதே உயரம் வைத்து, இன்ஜினை நிறுத்தினார். மீசை திருப்பிப் பார்க்கக்கூட முயலவில்லை. சட்டென்று கைப்பிடியை இழுத்துவிட்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பலகையருகே அத்தான் பவ்யமாகக் கேட்டார்: "ஏன் சார் குதிச்சீங்க?"

"வேற வழியில்ல. அந்த உயரத்துல திருப்பினா சாவுதான்."

"யாரா இருந்தாலுமா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. இளம் விமானிகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரா இருந்தாலும்" என்று முனகினான்.

"பின்வரிசைக்குக் கேக்கல சார்."

மறுபடி உரக்கச் சொன்னான். பின்வரிசையில் இருந்தவர், அன்றைக்கு விசாரணை நடத்திய கமாண்டர். காலையிலேயே அவரைத் தேடிப் போய் அழைத்துவந்து உட்கார வைத்தவர் அத்தான்தான்.