வலித்தால் இடது கையைத் தூக்கு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முதலிலேயே இதைச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் படித்து முடித்துவிட்டு, கிழவனுக்கு வயதாகிவிட்டது, பிதற்றுகிறான் என்று நீங்கள் சொல்லக் கூடாது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மாற்று வேட்டி கூட இல்லாமல் திருவனந்தபுரம் வந்தவன் நான். கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு சீட் தைத்துத்தான் ஆளானேன். பிணம் ஏற்றி வந்த வண்டிகளின் சீட்டைப் பிரித்துக் கழுவி மறுபடி தைத்திருக்கிறேன், வேலை முடிந்த அலுப்பில் அந்த வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கியும் இருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் ஓர் உறை தைத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் இந்த ஊரில் டாக்டர்கள் உட்காருகிற நாற்காலி, நோயாளிகள் படுக்கிற நாற்காலி எத்தனையோ என் கடையில் தைத்தவை. எல்லாவற்றுக்கும் மேலே என் மகள் செல்வராணி பல் டாக்டர். வெறும் பல் டாக்டர் இல்லை, அதற்கு மேலும் மூன்று வருஷம் இங்கேயே ஒரு கல்லூரியில் குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிற எம்.டி.எஸ். படித்தாள். பக்கத்துக் கடை கோபி ஒருநாள் கேட்டான், "பால் பல்லு எப்படியும் விழத்தானே போகுது அண்ணாச்சி, அதுக்குப் போய் மூணு வருஷம் படிப்பா?"

"உன் மூளையும் ஒருநாள் மண்ணுக்குத்தான் போகப்போகுது. அதுக்காக உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம விட்டாங்களா?" என்றேன். 

இனி சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் அந்தப் படிப்பில் முதலில் பழக்குகிற ஒரு காரியம் உங்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தையை நாற்காலியில் படுக்க வைத்ததும் வாயைத் திற என்று சொல்லிவிட மாட்டார்கள். எல்லாவற்றையும் காட்டுவார்கள். காற்றடிக்கிற குழாயை உள்ளங்கையில் அடித்துக் காட்டுவார்கள், பல்லைக் குடைகிற மெஷினை நகத்தின் மேல் மெல்ல ஓட்டிக் காட்டுவார்கள், அதற்கு மழை மெஷின் என்று ஏதாவது பெயரும் வைப்பார்கள். கடைசியாக ஒரு சத்தியம். வலித்தால் இடது கையைத் தூக்கு, உடனே நிறுத்திவிடுவேன். ஏன் இடது கை என்றால், டாக்டர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார், வலது கையைத் தூக்கினால் மெஷினில் தட்டிவிடும். கை எழும்பினால் என்ன அவசரமானாலும் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு தடவை நிறுத்தாமல் விட்டால் அந்தக் குழந்தை அதன் பிறகு எந்த டாக்டரையும் நம்பாது. இதை ராணி வீட்டில் என்னையே உட்கார வைத்துப் பழகியிருக்கிறாள்.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது விதுராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து மலர்விழி என்று ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். ஆறு வயது, தமிழ்ப் பிள்ளை. வாய் நிறையச் சொத்தை, ராத்திரி முழுக்க அழுமாம். தமிழ் பேசுகிற டாக்டர் என்பதால் ராணியிடம் விட்டார்கள். ராணியைக் கண்டால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் வந்து வந்து சொல்வாள். அத்தனை பல்லையும் ஒன்றொன்றாகச் செய்தால் பிள்ளை தாங்காது, முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எங்கும் செய்கிற காரியம்தான்.

அந்தப் பிள்ளை மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

விசாரணை நடந்தது. பிறவியிலேயே இதயத்தில் ஏதோ கோளாறு, எந்தச் சோதனையிலும் தெரியாதது, யார் மேலும் தப்பில்லை என்று எழுதி முடித்தார்கள். ராணி சில வாரம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு தானாகவே எழுந்து கல்லூரிக்குப் போனாள். என் மகள் அல்லவா, சரியாகிவிட்டாள் என்று நானும் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய பிரிவுத் தலைவி, பெரிய மேடம் என்பார்கள், மலையாளம் கலந்த தமிழ்தான் பேசுவார், என்னைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நாற்காலிகளுக்கு உறை தைப்பது நான்தான், அதனால் நல்ல பழக்கம்.

"அண்ணாச்சி, ராணி நல்ல குட்டியாணு. பக்ஷே லீவு கழிஞ்சு வந்ததுக்கு அப்புறம் ஒரு கேஸ் கூட முடிக்கல. பாதியில மெஷினைக் கீழ வச்சுட்டு எழுந்து போகும். இப்படிப் போனா நான் எப்படி பரீட்சைக்கு அனுப்பும்?"

இத்தனை வருஷம் சணலும் ஊசியுமாக நான் குத்தித் தைத்ததெல்லாம் இந்த ஒரு படிப்புக்காக. பரீட்சை எழுதாவிட்டால் அவள் உடைந்து போவாள், அது எனக்குத் தெரியும். கிழிந்த உறையைப் பார்க்கிற சாக்கில் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன்.

காலை பதினோரு மணி இருக்கும். ராத்திரி இல்லை, இருட்டு இல்லை, மயானம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே பளிச்சென்று விளக்கு, சுவரெல்லாம் முயல் படம். ராணியின் நாற்காலியில் தென்காசிப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவரின் மகள். வாயாடிப் பிள்ளை, "அக்கா, இந்தப் பல்ல எனக்கே குடுப்பியா, எங்க தம்பிக்கு விக்கணும்" என்று பேசிக்கொண்டே படுத்திருந்தது. மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று, அது சிணுங்கவே இல்லை. ராணி மெஷினை எடுத்தாள். மெஷின் பல்லைத் தொடுவதற்கு முன்பே பிள்ளையின் இடது கை உயர்ந்தது.

ராணி நிறுத்தினாள். "வலிச்சுதா குட்டி?"

"இல்லையே."

"பின்ன எதுக்குக் கை தூக்கின?"

பிள்ளை தன் கையைப் பார்த்தது. "நான் தூக்கலக்கா. அதுவாப் போச்சு."

மறுபடி தொடங்கினாள், மறுபடி உயர்ந்தது. குழந்தைகள் கையைத் தூக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், விரல் விரிந்து, மணிக்கட்டு ஆடிக்கொண்டு, அவசரமாக வரும். இது அப்படி இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மரக்கட்டை மாதிரி விறைப்பாக, மெதுவாக, பாரம் தூக்குவது போல எழுந்தது. பிள்ளையோ அது யாருடைய கையோ என்பது போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ராணி மெஷினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பக்கத்து நாற்காலிப் பையன் டாக்டர் ஒருவர் வந்து அதே பல்லை முடித்துக் கொடுத்தார். அவரிடம் கை எழும்பவே இல்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் ராணியைப் பிடித்தேன்.

"என்னட்டி இது? பிள்ளைக விளையாடுது, அதுக்குப் பயந்துக்கிட்டு ஓடுத?"

"வெறுதே பேசாதீங்கப்பா. எல்லாப் பிள்ளைக்கும் இதேதான். கை தூக்கணும்னு சொல்லிக் கொடுக்காமலே தூக்குது."

அப்போதுதான் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது அந்த மலர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தூக்கத்துல வலிச்சா என்ன செய்ய?" என்று கேட்டதாம். "அப்பவும் கையைத் தூக்கு, நான் நிறுத்திருவேன்" என்று இவள் சொன்னாளாம். யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள். வேலை பாதி நடக்கும்போது அந்தச் சின்னக் கை கொஞ்சம் எழும்பியதாம். இவள் உடனே நிறுத்திவிட்டு மயக்க டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கருவிகளை எல்லாம் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, லேசாக அசைகிறது, அவ்வளவுதான் என்று இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்தாராம். வேலை தொடர்ந்தது.

"மருந்து ஏறுற ஊசி நகராம இருக்க மலரோட இடது கைக்கு அடியில பலகை வச்சுக் கட்டியிருந்தோம்பா," என்றாள் ராணி. "அந்தப் பிள்ள கையைப் பாத்தீங்கல்லா இப்ப? பலகையோட சேத்துக் கட்டின கை அப்படித்தான் எழும்பும்."

எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். நம்பினால் நம்புங்கள், நான் போய் அந்தப் பிள்ளைகள் நாற்காலியில் படுத்தேன். கால் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "எடு மெஷினை. என் வாய்ல விடு. யார் கை எழும்புதுன்னு பாக்கேன்," என்றேன். நான் இவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பஸ் கூரையிலிருந்து விழுந்த நாள் முதல் எனக்கு இடது தோள் வராது. சட்டை மாட்டக்கூட வீட்டுக்காரி உதவ வேண்டும். டாக்டர்களே கைவிட்ட தோள்.

ராணி தயங்கித் தயங்கி மெஷினை ஓட்டினாள். பல்லில் வைக்கவில்லை, வாய்க்கு மேலே சும்மா ஓடவிட்டாள். அந்த விஸ் என்ற சத்தம் கேட்டதும் என் இடது கை எழும்பியது.

நான் தூக்கவில்லை. எப்படிச் சொல்வேன், தூக்குகிற உணர்வே இல்லை, வலியும் இல்லை. அடியில் ஒரு பலகை இருப்பது மட்டும் தெரிந்தது. மணிக்கட்டை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, அத்தனை வருஷம் எழும்பாத கை நேராக நின்றது. ராணி மெஷினை நிறுத்திவிட்டு, "நிறுத்திட்டேன் மலர், நிறுத்திட்டேன்" என்று அழுகிறாள். கை இறங்கவில்லை.

என் மகள் அழுவதைப் பார்த்தால் எனக்கு எதிரே யார் நின்றாலும் ஒன்றுதான். மேலே பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "ஏ பிள்ள, இவ உனக்குத் துரோகம் செய்யல. இவளை விட்டுரு. கேக்கணும்னா இனி எங்கிட்ட வந்து கேளு. நான் இருக்கேன்." இப்படித்தான் கடையில் ரவுடிகளிடமும் பேசியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் கை என் மடியில் பொத்தென்று விழுந்தது. தோள் அன்றைக்கே பழையபடி பூட்டிக்கொண்டது.

அதன் பிறகு ராணியின் நாற்காலியில் ஒரு பிள்ளைக்கும் கை தானாக எழும்பவில்லை. கேஸ்களை முடித்தாள், பரீட்சை எழுதினாள், பாஸ் ஆனாள், இன்றைக்கு இதே ஊரில் ஊரறிந்த டாக்டர். அன்று நடந்தது இரண்டு பேருடைய பதற்றம், வேறொன்றும் இல்லை என்று இப்போது அவளே சொல்கிறாள். நானும் மறுத்துப் பேசுவதில்லை. மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் இடது கை நேராக எழும்பி நிற்கிறது என்று வீட்டுக்காரி சொல்வதை ராணியிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரி இறக்கிவிடப் பார்த்தால் இறங்காதாம். நான் சொல்லிக் கொடுத்தபடி "நிறுத்தியாச்சு மக்கா" என்று சொன்னால்தான் இறங்குமாம்.

இப்போது எனக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நான் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறேன். ஊரையே எதிர்த்து நின்ற மனுஷனுக்கு ஊசிக்குப் பயமா என்று ராணி சிரிக்கிறாள். "ஒண்ணும் தெரியாதுப்பா, தூங்கி எந்திரிக்கிற மாதிரிதான்."

சாவுக்குப் பயப்படுகிறவன் இல்லை நான். ஆனால் அந்தத் தூக்கத்தில் என் கை எழும்பினால், அங்கே நிற்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியாது. பெரியவர் லேசாக அசைகிறார், இன்னும் கொஞ்சம் மருந்து கொடு என்றுதான் சொல்வார்கள்.