சேலை மறைக்காத முகம்

டெரன்ஸ் அண்ணன் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் ஃபெரியில் போய்வந்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். மாதா திருநாளன்று மத்தியானம் நான் சேலையோடு கோயிலின் பின்னறைக்குப் போனால், அந்த மனிதர் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"சேலை வேண்டாம் ஜோவான். இந்த வருஷம் இப்படியே தேர்ல வைக்கலாம்," என்றார்.

அவருக்குப் பின்னால் மாதா சுரூபம். பெயின்ட் உரிந்துபோனதைப் புதுப்பித்துத் தரச் சொல்லி ஃபாதர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். ரிட்டையரானபின் அண்ணன் பூ, படகு, மலை என்று வரைந்து தள்ளுவதை நம்பித்தான் கொடுத்தார். சிலையின் நீல அங்கி முழுக்க அண்ணன் வரைந்த ஜாதிக்காய் இலை. ஓரத்தில் காய் வெடித்து உள்ளே சிவப்புப் பத்திரி தெரிவது வரை போட்டிருந்தார். அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திருநாளுக்கு மாதாவுக்குப் பட்டுச்சேலை கட்டித்தான் தேரில் ஏற்றுவோம். கட்டுவது நான். கட்டியபின் முகத்தையும் கையையும் தவிர ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் அதைப் பார்த்து நின்ற மனிதர், தூரிகை கைக்கு வந்ததும் மறந்தே போனார். ஆம்பளைகள் சேலையை எங்கே பார்க்கிறார்கள்.

அது எங்கள் கோயிலுக்கு வரும் மோனிக்கா அக்காவின் நேர்ச்சைச் சேலை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு, பிழைத்து எழுந்து வாங்கியது. அதை வேண்டாம் என்று சொல்ல ஃபாதருக்கே வாய் வராது. இதைக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் நகர்ந்து வழிவிட்டார். அப்போதுதான் மாதாவின் முகத்தைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு அடித்த வெள்ளைப் பூச்சு. கண் இல்லை, புருவம் இல்லை, உதட்டில் நிறமில்லை.

கேட்டதற்கு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவருடைய அம்மா இறந்தபோது வீட்டில் நல்ல போட்டோ இல்லையென்று நினைவிலிருந்து ஒரு படம் வரைந்தாராம். அவர் அப்பா, இது உன் அம்மா இல்லை என்று சொல்லிக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். அதோடு பென்சிலைத் தொடவில்லை. ஓய்வுக்குப் பிறகு வரைந்ததிலும் ஆட்களே கிடையாது. அங்கியை அமர்க்களமாகச் செய்துவிட்டால் எல்லார் கண்ணும் அதிலேயே நின்றுவிடும், முகத்துக்கு லேசாக எதையாவது பூசிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இப்போது அங்கி சேலைக்குள் போகப்போகிறது.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. வெளியே தேருக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் பவனி.

"வரைங்கண்ணே. நான் கீழேருந்து கட்டிட்டு வரேன். முக்காடு போடறதுக்குள்ள காயணும்லா."

நான் கொசுவம் வைக்க வைக்க அவருடைய ஜாதிக்காய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒருமுறை குனிந்து பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. வலக்கண்ணை வரைந்து, துடைத்து, மறுபடி வரைந்தார். ஃபாதர் கதவைத் தட்டி எவ்வளவு நேரம் என்று கேட்டார். மாதாவுக்குச் சேலை கட்டும்போது யாரும் வரக்கூடாது என்று அதட்டி அனுப்பிவிட்டேன். மீண்டும் துடைத்தால் நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கடைசியில் தூரிகையை எடுத்துவிட்டு விலகினார். காற்றாடியைத் திருப்பி வைத்துக் காயவிட்டோம். வாயில் குண்டூசிகளோடு நான் ஸ்டூலில் ஏறி முக்காட்டைத் தூக்கினேன். முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. பெரிய அழகி என்று சொல்ல மாட்டேன். ஒரு கண் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வீட்டு வேலை முடித்த களைப்பு. அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லத்தான் வாயிலிருந்து ஊசிகளை எடுத்தேன்.

"பிரையன் போன் பண்ணவே இல்ல தாயே," என்றேன். "எங்க இருக்கான்னுகூடத் தெரியல."

என் மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பின்னால் ஒருவர் நிற்பதே மறந்துபோய், முக்காட்டைப் பிடித்தபடி அழுதேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்காட்டைக் குத்தத் தொடங்கியதும் டெரன்ஸ் அண்ணன் தயங்கித் தயங்கி, அந்த இடக்கண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, சரி பண்ணட்டுமா என்று கேட்டார்.

"தொடாதீங்கண்ணே," என்றேன்.