செவலைக்கு வைத்த பொட்டு

கீரப்பாளையத்தில் லோகநாயகி வீட்டிலிருந்து இதுவரை எத்தனையோ குதிரைகள் கப்பலேறிவிட்டன. ஆனால் அவள் ஒருநாளும் லத்தி அள்ளியதில்லை. எல்லாம் கேன்வாஸ் துணியில் பிறந்த குதிரைகள்.

இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்கள், பந்தயத்தில் ஜெயித்த குதிரையை ஓவியரைக் கூப்பிட்டு வரையச் சொல்லிக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கட்டிய மனைவியை அவ்வளவு பெரிதாக வரையச் சொன்னார்களா என்பது சந்தேகம். அந்தப் படங்களுக்கு இன்றும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அசல் கிடைக்காது, அச்சடித்தது பிடிக்காது, கையால் தீட்டிய நகல்தான் வேண்டும். புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் கார்த்திகேசன் ஆர்டர் பிடிப்பார். லோகநாயகி தீட்டுவாள்.

ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்தும் வேலை வராமல், கடை போர்டும் டெம்போ முதுகும் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். புவனகிரி சாலையில் ஓர் அரிசி ஆலைச் சுவரில், குதிரை மார்க் அரிசிக்காக ஒரு குதிரை வரைந்தாள். அது சுவரை விட்டுப் பாய்ந்துவிடும் என்று பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் பிரேக் போடுவதாக ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவள் அவள் சிநேகிதியான நான்தான், ஆனாலும் கார்த்திகேசன் அங்கே காரை நிறுத்தினார் என்பது நிஜம்.

அவர் கொண்டுவந்த படங்களில் அதிகம் விலைபோனது ஒரு செம்பழுப்புக் குதிரை. தலை சின்னது, வயிறு ஒட்டியது, கழுத்து கொக்குக்குச் சவால். நெற்றியில் பால் ஊற்றியதுபோல வெள்ளைச் சுட்டி. அதன் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாததால், அவள் புருஷன் திருநாவுக்கரசு செவலை என்று பெயர் வைத்தான். அவன் அவளுக்கு மாமன் மகன். டிராக்டர் வந்ததும் செவலை மாடுகளை விற்றுவிட்டுச் சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று காலை லோகநாயகி கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். முந்தின நாள் வார்னிஷ் அடித்து நிறுத்தியிருந்த செவலையின் மேல், மாட்டுக்குப் போடும் நெட்டிமாலை தொங்கியது. முன்னால் வாழை இலையில் பொங்கலும் கரும்பும். வெள்ளைச் சுட்டியின் நட்டநடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். பக்கத்தில் திருநாவுக்கரசு கைகட்டி நின்றான்.

"என்னா காரியம் பண்ணிருக்கீங்க மாமா?"

"சோறு போட்டதுக்குப் பொட்டு வெச்சேன். நம்ம பொண்ணு சிந்துஜாவ நர்சுக்குப் படிக்க வெச்சது யாரு, நானா? கூரைய பிரிச்சிட்டு தளம் போட்டது யாரு? எல்லாம் செவலதான்."

"படம் இன்னும் காயலயே, தெரியாதா?"

"மாட்ட மட்டும் குளிப்பாட்டி, காயப் போட்டா பொட்டு வெக்கிறோம்?"

பஞ்சை எடுத்து ஒற்றினாள். குங்குமம் வார்னிஷில் ஊறி, சுட்டி முழுவதும் ரோஸ் நிறமானது. மேலே வெள்ளை தடவினாள். வெள்ளைக்குள்ளும் சிவப்பு எட்டிப் பார்த்தது. மறுநாள் பார்சல் போகவேண்டிய படம். வாங்குகிறவர் இங்கிலாந்தில் குதிரை வளர்க்கும் ஒரு பெரியவர்.

கார்த்திகேசனுக்கு போன் போட்டாள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, வருசா வருசம் நமக்கு ஜாஸ்தி ஆர்டர் குடுக்கறவரே அவருதான். அவரு போயிட்டா உங்களுக்கு வேலையில்ல, எனக்குக் கடையில்ல. நெத்தியில பழுப்பு அடிச்சு மறைச்சிடுங்க."

"சுட்டி இல்லன்னா அது செவலயே இல்லப்பா. வேற எவன் வூட்டுக் குதிரையோ."

"அப்ப அப்படியே அனுப்பிடுவோம். வயசானவரு, என்னா தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. போட்டோ அனுப்புறேன், நடந்தத நடந்தபடி எழுதிடு. சோறு போட்ட சீவனுக்கு நன்றி சொல்ற நாளு, மாட்ட வித்தாச்சு, எங்க வூட்டுல இருந்தது இதுதான், மாலை போட்டு பொங்கல் படைச்சு பொட்டு வெச்சிட்டாருன்னு எழுது."

அவள் போனை வைத்தாள். திருநாவுக்கரசு பக்கத்தில் வந்து நின்றான்.

"பொட்டு வெச்ச கைய வெட்டிக்கவா?"

"வெட்டிக்கிட்டா ஆட்டோவ யாரு ஓட்டுறது? பேசாம பொங்கல சாப்புடுங்க."

சாப்பிட்டான். ஆனால் அன்று இரண்டாவது தடவை பொங்கல் கேட்கவில்லை. அதிலிருந்தே அவன் கவலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் கார்த்திகேசன் கூப்பிட்டார். பெரியவரின் பதிலைத் தமிழாக்கி வாசித்தார்.

"மாலை போட்டு, பொங்கல் வெச்சுக் கும்பிட்ட குதிரைய நான் ஓட்டிக்கிட்டு வர்றது முறையில்ல. அது உங்க வீட்டுக் குதிரை. எனக்கு வேற ஒண்ணு தீட்டுங்க. அவசரமில்ல, என் வீட்டுச் சுவர் எங்கயும் போயிடாது." இந்த இடத்தில் கார்த்திகேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் ஒண்ணு எழுதியிருக்காரு அக்கா. வார்னிஷ் காயறவரைக்கும் வீட்டுக்காரர வெளிய கட்டிப் போடணுமாம்."

லோகநாயகி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை வருடமாகக் குதிரை தீட்டியவள் தனக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொண்டதில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்கு இன்னொரு செவலை தீட்டினாள். அவள் கையில் பிறந்த குதிரைகளில் அதைவிட அழகான குதிரை இல்லை. திருநாவுக்கரசு சொன்னபடி வாசலுக்கு வெளியிலேயே நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டான்.

முதல் செவலை இப்போது அவர்கள் கூடத்தில், டிவிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. சுட்டி இன்னும் ரோஸ்தான். இந்த மாட்டுப் பொங்கலுக்கு நானும் போயிருந்தேன். திருநாவுக்கரசு அதே இடத்தில், இந்த முறை பயமில்லாமல், பொட்டு வைத்தான். சூடம் காட்டித் திரும்பினால் இலையில் ஒரு துண்டு கரும்பைக் காணோம். சிந்துஜா எடுத்திருப்பாள் என்கிறாள் லோகநாயகி. அந்தப் பெண் கடலூரில் நைட் டூட்டி முடித்து வந்து, அறைக்குள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கண்ணால் பார்த்தேன். செவலையின் கடைவாயையும் பார்த்தேன்.