பெரிய தொட்டியைப் பிரித்த சனிக்கிழமை

பாரெண்ட் மால்காஸ் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான கிம்பர்லியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பேரை, நீ ஓட்டவே வேண்டாம் என்று அனுப்பிவைத்தவர். பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு நடக்கும் வரை சும்மா இருப்பார். நடந்ததும் அதை நாலு பேர் திருப்பிச் சொல்லும்படியான ஒரு வாக்கியமாக்கிவிடுவார். சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றிவிடும். வீட்டில் கடல்மீனும் பவளமும் வளர்க்கிற எங்கள் பவளத் தொட்டிக்காரர் சங்கத்திலும் அவர் அதே இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கடல் எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஓட்டினால் வருகிற தூரம். அதனால் இங்கே மூட்டை உப்பைத் தண்ணீரில் கரைத்து எங்கள் கடலை நாங்களே செய்துகொள்கிறோம். மால்காஸ் மாமா செய்த கடல் எல்லோருடையதையும்விடப் பெரியது. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாக அந்தத் தொட்டிதான் நின்றது. ஒரு ஆள் உள்ளே காலை நீட்டிப் படுக்கலாம். அதன் நடுவே ஊதா நிறத்தில் ஒரு கிளைப் பவளம். அவருடைய மனைவி ரோசலின் அதைக் கட்டை விரல் நகமளவில் வாங்கிவந்து பாறையில் ஒட்டியது. நீல விளக்கு போட்டால் அதன் நுனிகள் மட்டும் பச்சையாக எரியும். மகள் ஆந்தியா கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் அதற்கு நேராகக் கண்ணாடியில் கை வைத்துவிட்டுத்தான் அப்பாவைப் பார்ப்பாள்.

வீட்டுப் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு நீல டிரம்கள். ஒன்றில் உப்பு கரைத்த நீர். தொட்டியின் பழைய நீரை இறைத்துவிட்டு ஊற்றுவதற்கு. மற்றதில் வடிகட்டிய நல்ல தண்ணீர். தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். நேற்றுச் சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததே மாமாதான்.

இதில்தான் மொதுசி தவறினான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன். இரவு வேலை முடிந்து அரைத் தூக்கத்தில் நாள்கணக்கில் டிரம் மாற்றி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ஏறி, தொட்டியில் இருந்த அத்தனையும் செத்துப்போயின. மறைக்காமல் கூட்டத்தில் எழுந்து சொல்லி, இனி என்ன செய்யலாம் என்று கேட்டான். மாமா தன் வாக்கியத்தைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில ஊருக்கெல்லாம் அளந்து அளந்து சலைன் ஏத்துறவன், வீட்ல மீனுக்கு ஊறுகாய் போட்டுட்டான்."

அன்றிலிருந்து மொதுசி என்ற பெயரே போயிற்று. ஊறுகாய் வந்தாச்சா, ஊறுகாய்க்கு ஒரு நாற்காலி போடு. அந்த வருடக் கடைசியில் மாமா வீட்டு முற்றத்தில் கரியடுப்பு மூட்டி இறைச்சி சுட்டபோது, காரமான மாங்காய் ஊறுகாய் ஒரு முழு வாளியை ரிப்பன் கட்டி அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினான். காது மட்டும் சிரிக்கவில்லை. அடிக்குப் பயந்த நாயின் காது போல அது பின்னால் இழுத்தபடி இருந்தது.

ரோசலின் அத்தை அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஊதாப் பவளத்தில் ஒரு கிளையை உடைத்து, நீர் நிறைத்த பையில் போட்டுக் கையில் கொடுத்தார். "பத்திரமா வளர்த்து வை தம்பி. எங்க தொட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கிட்டத்தான் வந்து கேப்பேன்."

எங்களுக்குள் வழக்கம் அது. கொடுத்துவைப்பது என்போம். யார் தொட்டியும் நிரந்தரமில்லை. மின்சாரம் போகும், பம்பு நின்றுவிடும். கொடுத்துவைத்தவன் போய்க் கேட்டால் வைத்திருப்பவன் ஒடித்துத் தர வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. மாமா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஊறுகாய் ஜாடியிலா பவளத்தைப் போடுகிறாய் என்று மனைவியைக் கேட்டார். அதுவும் ஊரைச் சுற்றியது.

அடுத்த குளிர்காலத்தில் அத்தை இறந்துபோனார்.

தினமும் காலையில் தொட்டியில் குறைந்த தண்ணீரை நிரப்புவது அத்தையின் வேலையாக இருந்தது என்பதை மாமா அதன் பிறகுதான் கவனித்தார். எது எந்த டிரம் என்று எழுதி ஒட்டச் சொல்லி எங்களையெல்லாம் விரட்டியவர், தன் டிரம்களில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அத்தைக்குத் தெரியும், போதும். மாமா குழாயை ஏதோ ஒன்றில் போட்டார், தொட்டிக்குத் திறந்துவிட்டார். உப்பை அளந்து பார்க்கவும் இல்லை. இவ்வளவு பெரிய தொட்டி அவ்வளவு லேசில் மாறாது என்ற நினைப்பு. பெரிய தொட்டி மெதுவாகத்தான் மாறும். அதனால் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஊதாப் பவளத்தின் அடியில் தோல் உரிந்து வெள்ளை தெரிந்தது. பிறகு முழுக்கவும் எலும்பு. அப்போதுதான் உப்பை அளந்து பார்த்து, மற்றவற்றை மட்டும் காப்பாற்றினார்.

யாருக்கும் சொல்லவில்லை. ஆந்தியா வெளியூர் போயிருந்த சமயம் ப்ளூம்ஃபொன்டைன் நகரத்துக்குத் தனியாக ஓட்டிப்போய், அதே அளவில், அதே ஊதாவில் ஒரு பவளம் வாங்கிவந்து அதே பாறையில் ஒட்டினார். அடுத்த ஞாயிறு ஆந்தியா வந்து கண்ணாடியில் கை வைத்தாள்.

அசல் பவளத்தின் கிளை ஊருக்குள்ளேயே, மொதுசியின் வீட்டில் இருந்தது. கதவைத் தட்டிக் கேட்டால் போதும். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஊறுகாய் வாளி அவருடையதாகிவிடும். அவர் அந்தத் தெரு வழியாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே நிறுத்திவிட்டார். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாமா கூடத்தில் உட்காரும் நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்.

சில வருடம் போனது. மூட்டுவலி வந்தது, மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்ப முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு ஆந்தியா வீட்டுப் பின்னறைக்குப் போவதென்று முடிவானது. அங்கே மேசை மேல் வைக்கிற மாதிரி ஒரு சின்னக் கனசதுரத் தொட்டிக்குத்தான் இடம். இரண்டு கோமாளி மீனும் ஓரிரு பவளமும் தாங்கும். ஆந்தியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மற்றதையெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், அம்மாவுடையது மட்டும் நம்மோடு வர வேண்டும்.

அவள் கேட்டது அவரிடம் இல்லை. இதைத்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் சுமந்துகொண்டு நின்றார்.

தொட்டி பிரிக்கிற நாள் என்றால் சங்கம் முழுக்க வாளியும் ஐஸ்பெட்டியுமாக வந்துவிடும். முன்பு கிளை கொடுத்தவர்களுக்கு முதல் உரிமை. பிறகு மற்றவர்கள். பாறைகளை எடுத்தோம், தண்ணீர் இறங்க இறங்கக் கண்ணாடியில் வருடக்கணக்கில் படிந்த கோடுகள் தெரிந்தன. மாமா ஒரு பீர் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, எது யாருக்கு என்று கைகாட்டினார். ஊதாப் பவளம் ஏற்கெனவே தனி வாளியில் இருந்தது. ஆந்தியா அதன் மேல் ஈரத் துண்டைப் போர்த்தி, பக்கத்திலேயே நின்றாள்.

மொதுசி வேலை முடிந்து சீருடையோடு கடைசியாக வந்தான். துண்டை விலக்கி எட்டிப் பார்த்தான். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பிறகு துண்டைப் பழையபடி மூடிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்தான். சின்னத் தொட்டிக்கு நீர் கலக்குகிற வேலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவன், கதவிலிருந்தே கேட்டான்.

"மாமா, இதுல நல்ல தண்ணி எந்த டிரம்?"

சாதாரணக் கேள்வி. வேலைக்கு வேண்டிய கேள்வி. ஆனால் கேட்டது அவன் என்பதால் கூடம் முழுக்கச் சிரித்தது. ஊறுகாய்க்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றது ஒரு குரல். அவர் வாக்கியத்தைச் சொல்லட்டும் என்று எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். நானும்தான் திரும்பினேன்.

மாமா கீழே, நனைந்த தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சிரிக்காதீங்க. நானும் தெரியாமத்தான் ஊத்தினேன். அவ கண்ண மூடின வருஷம். உப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி அவ பவளத்தை நானே கொன்னுட்டேன். அந்த வாளியில இருக்கிறது கடையில வாங்கினது."

பம்பு ஒன்று காற்றை உறிஞ்சிக் கரகரத்தது. யாரோ அதை அணைத்தார்கள். ஆந்தியா துண்டை எடுத்துவிட்டு வாளிக்குள் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அப்போ இத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் எதைத் தொட்டுக் கும்பிட்டேன் அப்பா?"

ஆந்தியா சமையலறைக்குள் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினாள். நாங்கள் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு, வேலை இருப்பது போல அங்குமிங்கும் நகர்ந்தோம்.

மாமா கிரேட்டிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போனார்.

"மொதுசி."

அந்த ஊறுகாய் வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தை உன்கிட்ட கொடுத்துவெச்சாளே. அதுல ஒரு கிளை கொடுப்பியா?"

மொதுசி டிரம் நீரில் உப்புமானியை முக்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். இது உப்பு, அது நல்ல தண்ணீர் என்று எங்களுக்குக் காட்டினான். அப்புறம்தான் திரும்பினான்.

"கொடுக்கணும், வழக்கம் அது. ஆனா இப்ப தரமாட்டேன் மாமா. புதுத் தொட்டி, சின்னது வேற. ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்தா போதும், உப்பு ஏறிடும். முதல்ல நீங்க நிரப்பிக் காட்டுங்க. நான் வந்து அளந்து பார்ப்பேன்."

சரி என்றார் மாமா. கார் கற்றுக்கொள்ள வந்த பையன்கள் அவரிடம் சொல்வார்களே, அந்தத் தொனியில்.

மாமா ஆந்தியா வீட்டுக்குக் குடிபோன பிறகு அவன் சொன்னபடி வந்தான். இரவு வேலை முடிந்து நேராக வருவான். அளப்பான், தலையாட்டுவான், போவான். அவன் வருகிற நாட்களில் மாமா சவரம் செய்துகொண்டு காத்திருப்பார். ஒருமுறை உப்பு சற்றே கூடியிருந்தது. மொதுசி நாக்கைக்கூடச் சப்புக் கொட்டாமல் உப்புமானியை அவரிடம் நீட்டிக் காட்டினான். அவன் போன பிறகு மாமா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார் என்று ஆந்தியா சொன்னாள்.

கோடை தொடங்கிய பிறகு ஒரு காலை அவன் கிளையைக் கொண்டுவந்தான். அதே ஊறுகாய் வாளியில். காரம் அதிகம் என்ற எழுத்து பாதி உரிந்திருந்தது. இத்தனை வருடமும் அவன் நல்ல தண்ணீருக்கு அதைத்தான் வைத்திருந்தானாம், மாறிப்போகக் கூடாதென்று. மாமா அந்த வாளியைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். இது எனக்கு வேண்டும், இங்கே நல்ல தண்ணீருக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"அது எனக்குக் கொடுத்த பரிசு மாமா," என்று திருப்பி வாங்கிக்கொண்டான் மொதுசி.

ப்ளூம்ஃபொன்டைன் பவளம் இப்போது என் தொட்டியில் இருக்கிறது. நன்றாக வளர்கிறது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆந்தியா இன்னும் சின்னத் தொட்டியின் கண்ணாடியில் கை வைக்கவில்லை. போகிற போக்கில் பச்சை நுனிகளைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். காலையில் மாமா ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு வருகிறார். ஊற்றுவதற்கு முன் குவளையை வாயில் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். நாங்கள் யாராவது அறையில் இருந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறார்.