திண்டுக்கல்லில் ஒரு மழைக்கோட்டு

மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த நான், திண்டுக்கல் கடைவீதியில் பாய் ஒருவரின் கடைக்குள் நின்று மழைக்கோட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். இருப்பது இரண்டு. எண்ணெய்த்துணிக் கோட்டைப் போட்டால் தார்ப்பாய் மூடிய லாரி மாதிரி இருக்கிறேன். ரப்பர் கோட்டு கம்பீரம்தான். ஆனால் விற்காமல் கிடந்து, வெயில் சூட்டில் அதன் கைகள் உள்ளே ஒட்டிப்போயிருக்கின்றன. அழகுக்கு ஆசைப்பட்டு அதையே பிய்த்துப் பிய்த்துக் கையை நுழைத்தபடி, "இந்தப் பாழாப்போன மழை எப்பத்தான் விடும்?" என்கிறேன்.

உள்ளே ஒதுங்காமல் வாசலில் நனைந்துகொண்டு நிற்கும் பக்கத்துத் தாடிக்கொம்பு ஊர் விவசாயி ஒருவர் திரும்புகிறார்.

"அப்படிச் சொல்லாதீக ஐயா. கிணறு வத்தி மாட்டைக்கூட வித்தாச்சு. இன்னைக்குத்தான் வந்திருக்கு. செத்த நேரம் பேயட்டுமே."

"சார் வெளியூரு, அப்பு," என்று பாய் எனக்காக மன்னிப்புக் கேட்கிறார்.

காசைக் கொடுத்துவிட்டு, போட்ட கோட்டோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறேன். தெருவில் ஒரு குடைகூட விரியவில்லை. அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு நனைகிறார்கள். நான் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வண்டியை உதைக்கிறேன்.

மழை நின்றுவிடுகிறது.

தெரு முழுவதும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது. அவசரமாகக் கோட்டைக் கழற்றப் பார்க்கிறேன். கை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.