கன்னியம்மாவுக்கு வந்த கோடி

போன மாதம் என் தங்கச்சி கன்னியம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். பித்தப்பையில் கல்லாம். எதைத் தின்றாலும் வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள்... இனிமேல் தாங்காது, பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள் என்று உத்திரமேரூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

கூடப் போனது நானும் அவள் புருஷன் முனுசாமியும். அம்மன் திருவிழா வந்தால் காவாந்தண்டலம் ஊருக்கே ஆடு அறுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். பஸ்ஸில் வழியெல்லாம் அதே பெருமை.

"ஆட்டுக்குப் பித்தப்பை எங்க கீதுன்னு கண்ண மூடிக்கினே சொல்லுவேன்க்கா. ஒரே அறுப்பு. வெத்தல போடற நேரம் ஆவாது."

பேரன் பேத்தி எடுத்த நானும் நம்பினேன். வயிற்றுக்கு வயிறு வித்தியாசமா இருக்கப்போகிறது?

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெற்றிலை போட்டோம். துப்பினோம். மறுபடி போட்டோம்... கதவு திறக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. இத்தனை நேரம் ஆனால் உயிர் இருக்காது என்று முனுசாமியே முடிவு கட்டி, எங்கள் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் சேதியும் சொல்லி அனுப்பிவிட்டார்!

நான் திட்டி முடிப்பதற்குள் டாக்டர் வந்தார். ஆள் பிழைத்துவிட்டாள் என்றார். பித்தப்பையின் சின்னக் குழாய், ஈரலிலிருந்து வருகிற பெரிய குழாயில் நேராகப் போய்ச் சேர்வதுதான் வழக்கமாம். இவளுக்கு அது பெரிய குழாயோடு ஒட்டிக்கொண்டே கீழே இறங்கி, பின்பக்கமாகச் சுற்றிச் சேர்ந்திருந்ததாம். ஆளுக்கு ஆள் இப்படி மாறுமாம். எது எதுவென்று தெரியாமல் பெரியதை அறுத்திருந்தால் — கன்னியம்மா இல்லை.

"அப்போ, தெரியற வரிக்கும் கொழாயில கத்தியே வெக்கலியா சார்?" என்று கேட்டார் முனுசாமி.

"வைக்கலை" என்றார் டாக்டர்.

முனுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் அண்ணன் வந்து நின்றார். கையில் பிறந்த வீட்டுக் கோடி — செத்த பெண்ணுக்குப் போர்த்துகிற புதுப்புடவை. கன்னியம்மா கண் விழித்துப் பார்த்தாள். அண்ணன் அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இன்னாத்துக்கு ஒளிக்கிற? தீவாளிக்குக் கேட்டா உனுக்குக் கை வராது. வச்சிட்டுப் போ."

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வந்தாள்.

கத்தி பிடித்தவர் நிதானமாக இருந்தால், வெளியே நாம் படுகிற அவசரத்தில் ஒரு புடவை லாபம்!